விளைச்சலும் வீட்டு வாழ்க்கையும்

(லால்பேட்டையில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன்னிலையில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



பத்தாம் நூற்றாண்டில் சோழர் அமைத்த வீராணம் ஏரி இவ்வூருக்கு அருகே இருக்கிறது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு அதற்கு ஜலம் கொணர்கிறது. நெல்லும் வெற்றிலையும் இங்கு நன்கு விளைகின்றன. ஆயினும், நிலம் செழித்த அளவு வீடும் செழித்திருக்கிறதா என்பதே நான் தங்கள் முன் வைக்கும் கேள்வி.

இக்கேள்வி புதிதன்று. சென்னைச் சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணாக்கர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆராய்ந்தபோது, நிலத்தோடு உணவு, வீடு, கடன் ஆகியவற்றையும் விசாரிக்கச் செய்தார். பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த இருவேல்பட்டு அவற்றுள் ஒன்று. அவ்வூர் 2008-லும் மறுபடி ஆராயப்பட்டது. குடித்தனத்தைப் பாராமல் கிராமத்தை அறிய இயலாது என்பதே இதன் பொருள்.

நம் குடித்தனங்களை நோக்குவோம். சம்பா நெல் தை, மாசியில் ஒரே தடவையாகப் பணம் தருகிறது. நாற்று விடும் ஆவணி முதல் அறுவடை வரை செலவு மட்டுமே. அம்மாதங்களிலும் அடுப்பு எரியவேண்டும், பிள்ளைகள் படிக்கவேண்டும், மருந்து வாங்கவேண்டும். ஆகவே பயிர்க்கடன் வீட்டுச் செலவிற்குப் போய்விடுகிறது. உரம் போடும் பருவம் தவறுகிறது. பிறகு வெளியில் கடன் வாங்க நேர்கிறது. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியானால், 10,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் 1,800 ரூபாய் போய்விடும். சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கோ வட்டிச் சுமை இல்லை.

கொடிக்கால்காரர் நிலை வேறு. வெற்றிலை கிள்ளுந்தோறும் பணம் சிறுகச் சிறுக வருகிறது. அவ்வாறே கரைந்தும் விடுகிறது. கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிக் கொடி அழுகினால், மறுபடி நடுவதற்குக் கையில் ஒன்றும் இராது.

1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்றிற்று. 2021-ல் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியாயிற்று. இவை பழைய கடனைத் தீர்க்கும். வரும் ஐப்பசிச் சாப்பாட்டிற்கு வழி செய்யமாட்டா. அதற்கு நாமே வழி தேடவேண்டும்.

நெல் விளைவிப்போர், அறுவடைப் பணத்தில் ஆறு மாத வீட்டுச் செலவைச் சங்கத்தில் டிபாசிட் செய்து, ஆவணி முதல் மாதந்தோறும் பெற்றுக்கொள்ளலாம். கொடிக்கால் வைத்திருப்போர், ஒவ்வொரு கிள்ளுக்கும் ஒரு சிறு தொகையை மழைக்காலத்திற்கென்று ஒதுக்கலாம். மிச்சப்படும் பணத்தில், வெள்ளம் ஏறாத உயரத்தில் தரை, கிணற்றிலிருந்து விலகிய கக்கூஸ், சமையலறைப் புகை வெளியேற வழி ஆகிய மூன்றையும் முதலில் செய்துகொள்வது உத்தமம். இவை குறைந்தால் வைத்தியச் செலவும் கடனாகவே வந்து சேரும்.

கடன் விண்ணப்பத்தில் நிலத்தின் விஸ்தீரணமும் பயிரும் கேட்கப்படுகின்றன. எந்த மாதத்தில் வீட்டில் அரிசி குறையும் என்பதை அறிந்தவர்கள் பெண்மணிகளே. ஆதலால், அடுத்த விண்ணப்பம் எழுதுமுன், ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டாருடன் உட்கார்ந்து, பன்னிரண்டு மாதத்து வரவு செலவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்தாளைக் கண்டபின் எவ்வளவு கடன் வேண்டும் என்பது தங்களுக்கே விளங்கும்.