ராஜாவின் இலவசப் பள்ளி

(திருவனந்தபுரத்தில் நடந்த கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசியது)



கல்வியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நம் ஊர்க் கதையையே சொல்கிறேன்.

1834-ல் ஸ்வாதித் திருநாள் மஹாராஜா, நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்திய ராபர்ட்ஸ் துரையை இங்கே வரவழைத்தார். மஹாராஜாவுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் தஞ்சாவூர் சுப்பராவ். 'இங்கிலீஷ் சுப்பராவ்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவர் ஊட்டிய ருசிதான் இதற்குக் காரணம் என்பது என் அபிப்ராயம். முதலில் அது ராபர்ட்ஸின் சொந்தப் பள்ளி. சம்பளம் கட்டிப் படிக்கவேண்டும். 1836-ல் சர்க்கார் ஏற்றுக்கொண்டு சம்பளத்தை நீக்கியது. பெயர் 'ராஜாஸ் ஃப்ரீ ஸ்கூல்'.

1866-ல் அதிலிருந்து மஹாராஜா கல்லூரி வளர்ந்தது. முதல் பிரின்ஸிபால் ஜான் ராஸ். 'மனோன்மணீயம்' எழுதிய சுந்தரம் பிள்ளை அங்கே தத்துவப் பேராசிரியர். 1924-ல் கலை, விஞ்ஞானம் என்று இரண்டாகப் பிரிந்தது. 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகமே வந்துவிட்டது.

கரமனை, வலியசாலை, கோட்டை அக்ரஹாரங்களில் எத்தனை வீட்டுக் கூடத்தில் அந்தக் கல்லூரியின் குரூப் போட்டோ தொங்கியது! என் தாத்தா மூன்றாவது வரிசையில் தலைப்பாகையோடு நிற்பார். அந்த பி.ஏ.வை வைத்துக்கொண்டுதான் நம்மவர்கள் பம்பாய், டெல்லி என்று போனார்கள்.

ஆனால் 'ஃப்ரீ' என்றது சம்பளத்தைத்தான், வாசலை அல்ல. திருவிதாங்கூர் சர்க்கார் பள்ளிகளில் புலையர் குழந்தைகளைச் சேர்க்க, அய்யங்காளி வயல் வேலையையே நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. 1910-ல் உத்தரவு வந்தபோது ராபர்ட்ஸ் தொடங்கிய பள்ளிக்கு வயது 76. உத்தரவு வந்தும் என்ன? ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யங்காளி கூட்டிக்கொண்டு போனதற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். இதை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். தாத்தா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இன்று நாம் கொடுக்கும் தொகை அங்கத்தினர் குழந்தைகளுக்கு மட்டும். போன வருஷம் நம் ஹாலைப் பெருக்கும் அம்மாள், பிளஸ் டூ படிக்கும் தன் பெண்ணுக்காக விண்ணப்பம் கேட்டாள். விதியில் இடமில்லை என்று நானேதான் திருப்பி அனுப்பினேன். அந்த விதியைத் திருத்த ஒரு தீர்மானம் எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் வரும். வெளியூர் அங்கத்தினர்கள் தபாலில் அபிப்ராயம் எழுதலாம். எதிர்ப்பவர்களும் எழுதுங்கள்.