உடையாமல் உட்குறை காண்டல்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

மட்பானை வாங்கச் செல்லும் நம் மகளிர் அதனை விரற்கணுவால் தட்டிப் பார்த்தே விலை பேசுவர். நன்கு வெந்த பானை கணீரென ஒலிக்கும். விரிசலுற்றது மொத்தென ஒலிக்கும். உடைத்துப் பார்த்தால் உண்மை தெளிவாகும். ஆனால் பானை இராது. யாம் தமிழ் கற்பிப்பவரேயாயினும், பொறியியல் பயிலும் நம் பிள்ளைகளின் பொருட்டு இக்கருத்தையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

மண்ணும் வைக்கோலும் சேர்ந்து சுவராவதுபோல, பிசினும் கார்பன் நாரும் சேர்ந்து ஆவது கூட்டுப்பொருள். எடை குறைவு, வலிமை மிகுதி. அறுபடாத நாரை உருகிய பிசினோடு வரிவரியாக இட்டு, அடுக்கின்மேல் அடுக்காக அச்சிடும் பொறியை 2014ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மார்க்ஃபோர்ஜ்டு நிறுவனத்தார் வெளியிட்டனர்.

இம்முறையில் மூவகைக் குறைகள் நேரும். வரிகளுக்கிடையே காற்றுப் புரை தங்கலாம். அடுக்கோடு அடுக்கு ஒட்டாது பிரியலாம். நார் நேரே செல்லாது நெளியலாம். மேற்பரப்போ பளபளவென்றிருக்கும்.

இவற்றைக் காணும் வழிகளும் மூன்று கூறுவோம். முதலாவது மீயொலி. நொடிக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அதிர்வுடைய ஒலியை உட்செலுத்தினால், காற்றிடைவெளியில் அது மோதித் திரும்பும். திரும்பும் நேரத்தால் குறையின் ஆழம் விளங்கும். இரண்டாவது வெப்பம். கணநேரம் சூடேற்றி வெப்பப் படக்கருவியால் நோக்கினால், புரையின் மேலுள்ள இடம் மெல்லவே குளிரும். காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாதன்றோ? மூன்றாவது எக்ஸ்-கதிர். பல கோணங்களிற் படமெடுத்துக் கணினியால் இணைத்தால் உட்புறம் முழுதும் தோன்றும்.

எனினும் ஒவ்வொன்றுக்கும் எல்லையுண்டு. அச்சிட்ட பொருளில் இயல்பாயுள்ள சிறு புரைகளே மீயொலியைச் சிதறடிக்கும். வெப்பமுறை ஆழத்திலுள்ளதைக் காட்டாது. மயிரிழையினும் மெல்லிய பிளவு எக்ஸ்-கதிருக்குத் தப்பலாம். ஆதலின் ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்புவர். அளவறிந்த பொய்க்குறைகளை வேண்டுமென்றே உள்வைத்து அச்சிட்ட மாதிரித் துண்டுகளைக் கொண்டு கருவிகளையும் முதலிற் சோதிப்பர்.

இத்துணைப் பாடும் எதற்கென்பீராயின், டைட்டன் என்னும் நீர்மூழ்கிக் கலத்தின் கதையைக் கேண்மின். அதன் ஓடு அச்சிட்டதன்று. கார்பன் நாரைச் சுற்றிச் சுற்றி ஆக்கியது. ஆயினும் அதுவும் அடுக்குகளால் ஆனதே. 2018இல் அந்நிறுவனத்து அலுவலர் ஒருவர், ஓட்டினைச் சிதைவின்றிச் சோதித்தல் வேண்டுமென வற்புறுத்தினார், வேலையினின்று நீக்கப்பட்டார். பின்னர் அவ்வோடு கைவிடப்பட்டுப் புதியதொன்று அமைந்தது. 2022 ஜூலை 15இல், 80ஆம் முறை மூழ்கி மேலெழுந்தபோது, பேரொலி ஒன்று கேட்டது. ஓட்டிற் பொருத்திய கருவிகளும் அதன்பின் வேறுபாடு காட்டின. ஆயினும் கலம் மீண்டும் கடலில் இறக்கப்பட்டது. 2023 ஜூன் 18இல், டைட்டானிக் கப்பல் கிடக்குமிடம் நோக்கிச் செல்லுகையில், வட அட்லாண்டிக் கடலாழத்தில் அது நொறுங்கியது. உள்ளிருந்த ஐவரும் மாண்டனர். அப்புதிய ஓடு செய்தபோது மிஞ்சிய துண்டுகளை ஆராய்ந்த அமெரிக்க அதிகாரிகள், அவற்றிற் புரையும் நெளிவும் இருக்கக் கண்டனர்.

அன்பர்களே! பானை மொத்தென ஒலித்தது, கேட்பாரில்லை. கருவி குறையைச் சொல்லும். அதனை ஏற்கும் நெஞ்சம் மாந்தரிடத்தன்றோ இருத்தல் வேண்டும்! நம் இளைஞர்காள்! நாளை நீவிர் தொழிற்சாலையில் சோதனை செய்யும் பொறுப்பேற்றால், பாராததைப் பார்த்ததாகக் கையொப்பமிடாதீர். நிருவாகம் செய்யும் நிலை வாய்த்தால், குறை கூறுவோனைப் பகைவனென்று தள்ளாதீர். அவன் சொல் கசக்கும். ஆயின் உயிர் காக்கும்.