பனிக்கடியில் சேற்றுக் கணக்கு

மேற்கு அண்டார்ட்டிகாவின் பைன் தீவுப் பனியாறு கடல்மேல் நீட்டிக்கொண்டு மிதக்கிறது. அந்தப் பனியைச் சுடுநீர் பாய்ச்சி, சுமார் 450 மீட்டர் துளைத்து, கடலடிச் சேற்றைக் குழாயில் உருவி எடுத்தார்கள் விஞ்ஞானிகள்.

சேற்றிலா சரித்திரம் இருக்கும்? இருக்கிறது! பனி தரையோடு அழுந்திக் கிடந்த இடத்தில் சரளை, மணல், களிமண் எல்லாம் தாறுமாறாகக் கலந்திருக்கும். பனி எழும்பிக் கடல்நீர் உள்ளே புகுந்ததும், மாவு போன்ற நுண்சேறு படியத் தொடங்கும். எப்போது மாறியது? அதைச் சொல்வது சேற்றிலுள்ள கதிரியக்க ஈயம். 22 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகிறது. 1950களின் அணுகுண்டுச் சோதனைகள் தூவிய புளூட்டோனியமும் சாட்சிக்கு வருகிறது.

2017இல் முடிவு வெளியானது. அந்தப் பனியாறு கடலடி மேடு ஒன்றில் ஊன்றி நின்றிருந்தது. 1945 வாக்கிலேயே மேட்டுக்குப் பின்னால் கடல்நீர் புகுந்துவிட்டது. 1970 வாக்கில் பனி மேட்டை விட்டே எழும்பிவிட்டது. இந்தப் பின்வாங்கலின் தொடக்கத்துக்குக் காரணம், 1939 முதல் 1942 வரை நீடித்த வலுவான எல் நினோ வெப்பமாக இருக்கலாம் என்கிறார்கள். என்னை உலுக்கிய செய்தி அடுத்ததுதான். எல் நினோ தணிந்த பிறகும் பனியாறு பின்வாங்குவதை நிறுத்தவில்லை, இன்றும் பின்வாங்கிக்கொண்டேயிருக்கிறது.