இரண்டாம் படி



இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அந்த ஐயாவின் வீட்டு மாடிக்கு நான் முதன்முதலில் போனபோது எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் பதிப்பித்த கலித்தொகை அப்போதுதான் என் கைக்கு வந்திருந்தது. அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளத்தான் போனேன். ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தனை படி வைத்திருக்கிறீர்கள், தம்பி?" என்றார். "ஒன்றுதான், ஐயா." "இன்னொன்று தேடுங்கள்" என்றார். விரிவுரையாளர் சம்பளத்தில் ஒரே புத்தகத்தை இரண்டு முறை வாங்குவதா? மனத்துக்குள் சிரித்தபடி படியிறங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து, முதுகு விட்டுப்போன அந்தக் கலித்தொகையை ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். நல்ல காலிக்கோ கட்டும் பொன்னெழுத்துமாகத் திரும்பி வந்தது. திறந்தால் மேலட்டையைக் காணோம். "அது கிழிஞ்ச காகிதம் சார், தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் விட்டுச் சமமாக்கியிருந்தார். எனக்கு முன்னால் அதை வைத்திருந்த யாரோ ஒரு புலவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த பாடக் குறிப்புகள் எல்லாம் பாதிப் பாதியாக நின்றன. ஒரு குறிப்பில் "ஏட்டில்" என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. எந்த ஏட்டில், என்ன பாடம்? பைண்டரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஓரத்தை வெட்டாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய பதிப்பில் மூலமும் உரையும் மட்டுமா இருக்கின்றன? மறுபதிப்புப் போடுகிறவர்கள் முதலில் சாற்றுகவிகளைக் கழிப்பார்கள். அடுத்து, கையொப்பக்காரர் பட்டியலை. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். அப்படிப்பட்ட பட்டியல்தான் அந்தக் காலத்தில் தமிழ் நூலுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதற்குச் சாட்சி. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகள் தனி நூலாகவே தொகுக்கப்பட்டுப் பிழைத்துக்கொண்டன. மேலட்டைகளுக்கு அந்த யோகம் இல்லை. பின்னட்டையில் இருக்கும் விற்பனைப் பட்டியலை வைத்துத்தான் வேறொரு நூல் எப்போது அச்சில் இருந்தது என்று பல சமயம் கண்டுபிடிக்கிறோம்.

காலம் கணிப்பது பெரும்பாடு. 1812இல் சென்னையில் தஞ்சை ஞானப்பிரகாசன் அச்சிட்ட திருக்குறள் மூலபாடத்தில் ஆண்டு தமிழ் எண்ணில் தெளிவாக இருக்கிறது. எல்லாரும் அவரைப் போல் இல்லை. "விகாரி ௵" என்று மட்டும் போட்டு நிறுத்திக்கொள்வார்கள். அறுபது வருடச் சுற்றில் விகாரி 1839ஆகவும் இருக்கலாம், 1899ஆகவும் இருக்கலாம். 1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நம்மவர்கள் தடையின்றி அச்சுக்கூடம் நடத்தினார்கள் என்பதால் இரண்டுமே பொருந்தும். அப்போது காகிதத்தைத்தான் கேட்க வேண்டும். பழைய காகிதம் கந்தல் துணியிலிருந்து வந்தது. இன்றும் வேட்டித் துணி மாதிரி வளைந்து கொடுக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ் வந்தது. மை பரவாமலிருக்கப் படிகாரம் சேர்த்தார்கள். அது உள்ளுக்குள்ளேயே அமிலமாகி இழையை அறுக்கிறது. 1899இல் அச்சான பக்கத்தின் மூலையை மடக்கினால் அப்பளமாக உடையும். பாட்டன் திடமாக இருக்க, பேரன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான்.

இதோடு இராமபாணமும் சேர்ந்துகொள்ளும். முன்னட்டையில் நுழைந்து பின்னட்டையில் வெளியேறும் பூச்சிக்கு அந்தப் பெயர் வைத்தவர் நல்ல ரசிகராக இருந்திருக்க வேண்டும்.

அரிய நூல் என்றதும் எல்லாரும் 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தைச் சொல்வார்கள். 16 பக்கம், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நல்ல இடம்தான், இருக்கட்டும். நம் தெருவில் தேட வேண்டியது வேறு. 1867இல் திருவருட்பா அச்சாகி வந்தது. 1869இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் போலியருட்பா மறுப்பை எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகள் அருட்பாவை ஆதரித்த, எதிர்த்த இரு தரப்பும் கண்டனமும் மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக அச்சிட்டுத் தள்ளின. சில பக்கங்களே கொண்ட சிறு வெளியீடுகள் அவை. சைவ சித்தாந்தத்தையும் இலக்கணத்தையும் வசையையும் ஒன்றாகக் குழைத்த அந்த உரைநடையின் வேகம் வேறெங்கும் கிடைக்காது. காப்பியத்துக்கு மடத்திலும் கல்லூரியிலும் அலமாரி இருந்தது. கண்டனத்துக்கு யார் அலமாரி கொடுப்பார்கள்? படித்த சூடு ஆறியதும் பொட்டலம் கட்டப் போயிற்று. ஆய்வாளர் ப. சரவணன் பின்னாளில் அருட்பா, மருட்பாக் கண்டனங்களைத் திரட்டிப் பெரிய தொகுதியாக்க முடிந்ததென்றால், யார் யாரோ அந்தத் துண்டு நூல்களைக் கிழிக்காமல் வைத்திருந்ததுதான் காரணம். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு கட்சியின் நூல்கள்தான் இருக்கும். ஐயா இரண்டு கட்சியையும் ஒரே தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கேட்டதற்கு, "பெட்டிக்குள்ளேயாவது ஒற்றுமையாக இருக்கட்டுமே" என்றார்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் அவர். நூல், இதழ், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. அவர் சேர்த்ததைவிட, சேர்த்தது சிதறாமல் கைமாறியதுதான் எனக்குப் பெரிய அதிசயம். சேகரிப்பவர் கண்ணை மூடிய பதினாறாம் நாள் பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் போயின. 1985இல் மூர் மார்க்கெட் தீயில் பழைய புத்தகக் கடைகள் போயின. ஐயா இன்னொரு படி தேடச் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு படி என்றால் இன்னொரு ஊரில், இன்னொரு கூரைக்குக் கீழே.

இப்போது எல்லாம் கணினியில் இருக்கிறதே என்பார்கள். நானும் தினமும் அதைத்தான் திறக்கிறேன், நன்றியோடு திறக்கிறேன். ஆனால் மின்வருடியில் வைத்தது யாரோ ஒருவர் கையிலிருந்த ஒரு படி. அதில் மேலட்டை இல்லையென்றால் உலகத்துக்கே மேலட்டை இல்லை. அதில் 43ஆம் பக்கம் உள்ள தாள் விட்டுப்போயிருந்தால் எல்லார் திரையிலும் 42க்குப் பிறகு 45தான். இது தெரியாமல், நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு நூலகம் தன்னிடமிருந்த பழைய பதிப்புகளில் "இரட்டைப் படி" என்று முத்திரை குத்தி எடைக்குப் போட்டது.

வீட்டுப் பரணில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருடத்தில் ஒட்டுப்பசை பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். வெயிலில் காய வைக்காதீர்கள். நிழலில், மென்மையான தூரிகையால் தட்டி, ஒரு துண்டு வசம்பைப் பக்கத்தில் போட்டு வையுங்கள். பைண்டரிடம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஓரத்தை வெட்டக்கூடாது என்று கூடவே உட்கார்ந்து சொல்லுங்கள். உங்களுக்குப் பின் அது யாரிடம் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.

அந்த நூலகத்தின் முத்திரையோடு ஒரு கலித்தொகை பழைய பேப்பர் கடையில் எனக்குக் கிடைத்தது. எடைக்கணக்கில்தான் காசு கொடுத்தேன். வெளியே வராந்தா மேசையில் வைத்திருக்கிறேன். மேலட்டை முழுசாக இருக்கிறது. காபி குடித்தவர்கள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து பாருங்கள்.