பாதி ஏற்பும் கணக்கில் சேரும்

சிங்கப்பெருமாள் கோவிலில் கம்பெனி பஸ்கள் ஓடும் சாலையை விட்டு உள்ளே போனால் ஏரியும் நெல்வயலும்தான். அங்கே விவசாயி ஒருவரிடம் “செம்மை நெல் சாகுபடியா?” என்று கேட்டு “ஆமாம்” என்று எழுதிக்கொண்டால், எத்தனை பேர் அதை ஏற்றார்கள் என்ற கணக்கு பிழையாகிவிடும்.

14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 சென்டிமீட்டர் சதுர நடவு, கோனோவீடர், காய்ச்சலும் பாய்ச்சலும் என்று அதில் பல அம்சங்கள். சதுர நடவு செய்பவர் இளநாற்றை விட்டுவிடலாம். ஆள் கிடைக்கிற நாளில்தானே நட முடியும்? எதை எடுத்தார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் நடக்கிறதா என்பதற்கு மட்டும் கண்கூடான சாட்சி உண்டு. வயலில் புதைத்த துளைக்குழாயில் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும், 5 சென்டிமீட்டர் நிற்கப் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயக்கூடாது. இப்படிப் பாய்ச்சினால் வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனும் குறையும்.

யார் எதை ஏற்றார் என்பதை ஒரே போகத்தில் பார்த்துவிட்டு முடிவு கட்ட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு, 2008 வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்.