சமயம் இல்லா உலகம் நன்றாகுமா?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதைக்கென்றே கூடிவரும் இவ்வவையில் எனக்கு வழங்கப்பெற்ற தலைப்பு ஒரு வினா. சமயமே இல்லாதிருந்தால் மாந்தர்குலம் மேலும் நலமாக வாழ்ந்திருக்குமா என்பது அவ்வினா. பட்டிமன்றமாயின் ஓர் அணியில் நின்று வாதிட்டு வெற்றி காண முயலலாம். தமிழிலக்கியம் பயில்வோர்க்கு அவ்வளவு எளிதில் அணி சேர இயலாது. நம் இலக்கிய வரலாறே இரு பக்கத்திற்கும் சான்று சொல்ல வந்து நிற்கிறது.

முதற்கண், சமயம் வேண்டா என்போர்தம் வழக்கின் வலிமையைக் காண்போம். இறைவன் பெயரால் மனிதரை வாயிலுக்கு வெளியே நிறுத்திய நாடு இது. தில்லைக்குள் புகுவதற்கு நந்தனார் தீயில் மூழ்க வேண்டியிருந்தது என்கிறது புராணம். அது பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலரை அ. வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது 1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நெடுங்காலம் போராடினர். சென்னை மாகாணத்தில் அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. இவற்றைச் சிறு குறைகள் என்று சொல்லிக் கடந்துபோக ஒரு பெண்ணாக எனக்கு மனம் வரவில்லை.

எனினும் இதே பெண்ணின் பக்கம் நின்று வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சங்ககாலப் பெண்பாற் புலவர்களுக்குப் பின், இடைப்பட்ட நெடுங்காலத்தில் நம் செவியில் ஓங்கி ஒலிக்கும் பெண்குரல்கள் எவை? காரைக்காலம்மையாரின் குரலும் ஆண்டாளின் குரலும் அல்லவா? இல்லறத்தின் கட்டுகளிலிருந்து ஒரு பெண் வெளியேற அக்காலச் சமூகம் திறந்து வைத்த வாயில் பக்தி ஒன்றாகவே இருந்தது. அதற்கும் விலை உண்டு. அம்மையார் தம் பெண்ணுருவையே உதறிப் பேயுருக் கொள்ள வேண்டியிருந்தது. மாதவியின் மகள் மணிமேகலைக்கும் குலத்தொழிலிலிருந்து மீள வழிதந்தது பௌத்தத் துறவுதான். பிற்காலத்தில் சிறுமியரைக் கட்டிப்போட்டதும் சமயத்தின் பெயர். அக்காப்பியத்தில் ஓரிளம்பெண்ணின் கட்டவிழ்த்ததும் சமயத்தின் பெயர். இம்முரண்பாட்டை மறைக்காமல் ஏற்றுக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும்.

சமயப் பூசலைக் குறித்தும் ஒரு சொல். ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக நமக்குக் கிடைத்தில. ஓலைச்சுவடி அவ்வப்போது படியெடுக்கப்படாவிடின் மடிந்துபோகும். பௌத்தர் அருகிய நாட்டில் பௌத்தக் காப்பியத்தைப் படியெடுப்பார் யார்? ஆயினும் ஒரு வியப்பைக் காணுங்கள். குண்டலகேசியை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூல் நீலகேசி. இன்று குண்டலகேசியின் கதையை நாம் அறிவதற்குத் துணைநிற்பது அந்நீலகேசிக்கு எழுந்த உரை. மறுப்பதற்காகவேனும் மாற்றாரின் நூலைக் கற்றார்கள். அக்கல்வி அவர்தம் நூலின் நினைவைக் காத்தது. நண்பர்களே, கல்லாமல் வெறுக்கும் இக்காலத்து வெறுப்பு இதனினும் கொடிதன்றோ?

உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறைச் சைவ மடத்தில் பயின்றவர். அவர் பதிப்பித்துப் புகழ்பெற்ற சீவக சிந்தாமணியோ சமணக் காப்பியம். குடந்தையில் வாழ்ந்த சமணர்களை நாடி ஐயங்களைத் தெளிந்து 1887இல் அதனை வெளியிட்டார். பௌத்த நூலாகிய மணிமேகலையைப் பதிப்பிக்கையில் பௌத்தக் கருத்துகளை விளங்கவைத்துத் துணைநின்றவர் மளூர் ரங்காசாரியார். அப்பதிப்பு 1898இல் வெளிவந்தது. சைவர் ஒருவர் ஒரு வைணவரின் துணையால் பௌத்தக் காப்பியத்தைத் தமிழர்க்கு மீட்டுத் தந்தார். இவர்களுள் எவரும் தம் சமயத்தைத் துறக்கவில்லை.

சரி, சமயத்தை அடியோடு நீக்கிப் பார்த்த நாடு உண்டா? உண்டு. அல்பேனியாவில் 1967இல் மசூதிகளும் தேவாலயங்களும் மூடப்பட்டன. அரசு எச்சமயத்தையும் ஏற்காது என்று 1976ஆம் ஆண்டின் அரசமைப்பிலேயே எழுதிவைத்தனர். குருமார் பலர் சிறைப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். கடவுளின் பெயர் அகன்ற அவ்விடத்தில் தலைவரின் பெயர் அமர்ந்தது. அச்சமும் சிறையும் குறைந்தபாடில்லை. 1990இல் தடை தளர்ந்தபோது மக்கள் மீண்டும் வெளிப்படையாக வழிபாட்டிற்குக் கூடினர். நம்பிக்கையற்றோர் தீயோர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் பிழை செய்வர். ஆணையிட்டு நம்பவைப்பதும் ஆணையிட்டு நம்பாமற் செய்வதும் ஒரே கொடுமை என்பதற்கே இது சான்று.

அதே 1967ஆம் ஆண்டைச் சார்ந்த இன்னொரு சட்டம் நம் மண்ணில் உண்டு. புரோகிதரும் சடங்கும் இன்றி நடைபெறும் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய திருத்தச் சட்டம் அது. அச்சட்டம் எவர் வீட்டு ஓமத்தீயையும் அணைக்கவில்லை. தீ வேண்டுவோர் வளர்க்கலாம். வேண்டாதோர் மாலை மாற்றிக்கொண்டு மணம் முடிக்கலாம். அல்பேனியாவின் சட்டம் சமயத்தை நீக்க முனைந்தது. தமிழகத்தின் சட்டம் சமயத்தின் கட்டாயத்தை நீக்கியது. கடவுளை மறுத்த பெரியாரின் இயக்கம் வித்திட்ட இச்சட்டம், கடவுளை நம்புவோர்க்கும் உரிமையைக் குறைக்கவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

இதற்கும் சரியாக நூறாண்டுகள் முன்னர், 1867இல், வடலூரில் வள்ளலார் தருமச்சாலையில் ஓர் அடுப்பை மூட்டினார். சாதியும் சமயமும் கேளாமல் பசித்தவர்க்கெல்லாம் சோறிடும் அடுப்பு அது. இன்றும் அது அணையாமல் எரிகிறது. சமய வேறுபாடுகளை மறுத்த அவரும் கடவுளை விடவில்லை. கடவுளின் பெயரால் எவரையும் வெளியே நிறுத்தவும் இல்லை.

ஆகவே எனக்களித்த வினாவிற்கு என் விடை இது. சமயம் நீங்கினால் மாந்தர் நலம் பெறுவர் என்று வரலாறு எனக்குச் சொல்லவில்லை. ஒருவரின் பிறப்பையும் மணத்தையும் உணவையும் வாயிலையும் ஆளும் உரிமை சமயத்தின் கையிலிருந்து நீங்கினால் மாந்தர் நலம் பெறுவர் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறது. அந்நாள் இன்னும் முழுமையாக விடியவில்லை.

கவிஞர்களாகிய உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் கூட்டங்களில் நீலகேசியும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் படிக்கப்பெறட்டும். எந்நூல் எச்சமயத்தாருடையதோ அச்சமயத்தைச் சாராத ஒருவர் அதனை எடுத்துரைக்கட்டும். நம்பிக்கையற்றவர் தேவாரத்தை எடுத்துரைக்கட்டும். ஒருவர் நம்பிக்கையை மற்றவர் ஏற்க வேண்டுவதில்லை, அறிந்துகொண்டால் போதும். அறிந்தபின் மறுப்போரும் நீலகேசி ஆசிரியரைப் போல் தமிழுக்குத் தொண்டே செய்வர்.