பள்ளிப் பிள்ளைகளும் தாய்மாரின் காலை வேளையும்

(திருப்பாதிரிப்புலியூரைச் சுற்றியுள்ள கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கான பிரசங்கம்)



கிராமப் புனருத்தாரணம் என்றவுடன் கிணறு வெட்டுதல், பாதை போடுதல், நல்ல விதை வழங்குதல், கடன் கொடுத்து வசூலித்தல் முதலிய காரியங்களே பலருடைய நினைவுக்கு வருகின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையில் வீட்டிற்குள் நடப்பதைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் குடும்பத்துப் பிள்ளை வயிறு நிறைந்து பள்ளிக்குப் போகிறதா, பசியோடு போகிறதா, அமைதியாய்ப் போகிறதா, முதுகில் வாங்கிய அடியோடு அழுதுகொண்டு போகிறதா என்பது அந்த மூன்றரை மணி நேரத்திலேதான் தீர்மானமாகிறது. அதே நேரத்தில் சங்கத்திற்கும் அந்தத் தாயிடத்தில் வேலை இருக்கிறது. ஆகையால் இது சங்கத்தைத் தொட்ட விஷயமே.

முன்னாள் தென்னார்க்காட்டு ஜில்லா 1993-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்ட பின்னர்க் கடலூர் ஜில்லாவென வழங்கும் இப்பகுதியில், பெண்களின் வேலை பொழுது விடியுமுன்னரே தொடங்குகிறது. திருப்பாதிரிப்புலியூர்க் கடைவீதிக்குக் கீரையும் காயும் பூவும் கொண்டுவருவோர் இருட்டிலேயே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். கெடிலக் கரையில் நடவுக்கும் களையெடுப்புக்கும், நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்புக்கும், பண்ணுருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கும், முதுநகர்த் துறைமுகத்தில் மீன் வாங்கி விற்பதற்கும் போகிற தாய்மாருக்கு வெயில் ஏறிய பிறகு பலனில்லை. வசதியுள்ள வீட்டில் காலை வேளை நீண்டது. கூலிக்குப் போகும் வீட்டிலோ அது மிகவும் குறுகியது. கோபமும் கூச்சலும் அடியும் அந்தக் குறுகிய வேளையில் அதிகமாயிருப்பதைக் கண்டு, அவ்வீட்டுத் தாய்க்கு அன்பு குறைவென்று சொல்வது அநியாயமாகும்.

ஒரு நாள் காலையில் அவள் செய்ய வேண்டியவற்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வாசல் தெளித்துக் கோலமிட வேண்டும். மாட்டைக் கறந்து பாலைச் சங்கத்தில் ஊற்ற வேண்டும்; பால் வண்டி ஒருவருக்காகவும் காத்து நிற்பதில்லை. குழாயில் நீர் வரும்போதே குடங்களை நிரப்ப வேண்டும். காலைக்கும் பகலுக்குமாக ஒரே அடுப்பில் சமைக்க வேண்டும். கணவனுக்குத் தூக்குப்பாத்திரத்தில் சோறு கட்ட வேண்டும். பெண் குழந்தை இருந்தால் தலை வாரி இரட்டைச் சடை பின்னி நாடா கட்ட வேண்டும். இதற்கே கால் மணி நேரம் ஆகும். இவற்றுக்கிடையே ஒரு பிள்ளை காலுறையைக் காணோம் என்கிறான். மற்றொருத்தி வீட்டுப்பாடத்தில் கையெழுத்து வேண்டும் என்று அப்பொழுதுதான் சொல்கிறாள். எட்டு மணிக்கு வெடிக்கிற கோபம் எட்டு மணிக்கு உண்டானதன்று. முந்தின நாள் இரவில் முடித்திருக்கக்கூடிய காரியங்கள் காலையில் வந்து குவிந்ததால் உண்டானது.

ஆகவே அமைதியான காலைக்கு முதல் வேலை இரவில்தான் இருக்கிறது. சீருடையை மடித்து ஓரிடத்தில் வைத்தல், புத்தகப் பையைக் கட்டி வாயிற்படியருகே வைத்தல், வேண்டிய கையெழுத்தை வாங்குதல், மறுநாள் காயை நறுக்கி வைத்தல் ஆகிய நான்கும் சேர்ந்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. இவற்றுள் முதல் மூன்றையும் ஏழு வயதுப் பிள்ளை தானே செய்யும். தொடக்கத்தில் சில நாள் கோணலாய்ச் செய்யும். அதைப் பொறுத்துக்கொள்ளாமல் தாயே எடுத்துச் செய்துவிட்டால், அந்த வேலை என்றைக்கும் அவள் தலையிலேதான் நிற்கும். ஆண் பிள்ளையும் பாய் சுருட்டவும் தட்டுக் கழுவவும் பழக வேண்டும். தங்கையின் சடையைப் பின்ன அண்ணன் கற்றுக்கொண்டாலும் குற்றமில்லை.

உறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டுமென்று அமெரிக்க நித்திரை வைத்திய நிபுணர் சபையார் 2016-இல் வெளியிட்டனர். காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை, அக்கணக்குப்படி இரவு ஒன்பது மணிக்குள்ளாவது உறங்கியிருக்க வேண்டும். ஒரே அறையுள்ள வீட்டில் தொலைக்காட்சித் தொடர் பத்து மணி வரையில் நடந்தால் பிள்ளை எங்ஙனம் உறங்கும்? கைப்பேசியோ அதைவிடப் பெரிய சத்துரு. அது பாயிலேயே கூடப் படுத்துக்கொள்கிறது. உறக்கம் போதாத பிள்ளையைக் காலையில் சோம்பேறி என்று வைகிற பெரியோர், இரவில் வீட்டின் விளக்கு எப்பொழுது அணைந்தது என்பதையும் நினைத்துப் பார்ப்பது நலம்.

எழுப்பும் முறையிலும் பேதமுண்டு. “சீக்கிரம், சீக்கிரம்” என்று பத்துத் தடவை சொல்வது பிள்ளைக்கு எதையும் தெரிவிப்பதில்லை. பெரியோருக்குள்ள கால உணர்வு சிறு பிள்ளைக்கு இல்லை; கால் மணி நேரம் என்றால் எவ்வளவு என்று அது அறியாது. பல் விளக்கு என்று ஒன்றைச் சொல்லி, அது முடிந்த பின் அடுத்ததைச் சொன்னால் வேலை நடக்கிறது. காலையில் நடக்க வேண்டியவை தினந்தோறும் ஒரே வரிசையில் நடந்தால், ஒரு மாதத்திற்குள் சொல்லவே வேண்டியிராது. மலஜலம் கழிக்க அவசரமில்லாத நேரம் விட வேண்டும். அவசரத்தில் அடக்கிக்கொண்டு போகும் பிள்ளை வகுப்பில் நெளிந்துகொண்டிருக்கும், நாளடைவில் மலச்சிக்கலும் காணும்.

உணவு விஷயத்தில் முன்னோர் வழக்கம் இன்றைய அவசரத்திற்கு மிகவும் உதவக்கூடியது. பழையது காலையில் அடுப்பை எதிர்பார்ப்பதில்லை. கழுவிக் காயவைத்த பாத்திரத்தில், காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி மூடி வைத்த சோற்றைக் காலையில் மோரும் உப்பும் சேர்த்துச் சிறுவெங்காயத்தோடு கொடுக்கலாம். கேழ்வரகுக் கூழும், கம்பங்கூழும் அவ்வாறே. சோறு மட்டும் போதாது. இப்பகுதியில் விளையும் வேர்க்கடலையை வறுத்து ஒரு கைப்பிடி கொடுத்தால் புரதச் சத்தும் சேரும். கறுப்புத் தேநீரோ பால் கலந்த தேநீரோ கொடுத்து இரண்டு பிஸ்கோத்தோடு அனுப்புவது ஆகாது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது.

இனி, பள்ளியிலே உணவளிக்கும் ஏற்பாடு. 1920-ஆம் ஆண்டில் சர் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியிற் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடுவதென்பது ஏற்பாடு. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு ராஜ்யமெங்கும் பரவலாயிற்று. 1982 ஜூலை முதல் தேதியன்று எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். இவை இரண்டும் நண்பகற் பசியைத் தீர்த்தன; காலைப் பசி தாயின் பொறுப்பாகவே நின்றது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் மு. க. ஸ்டாலின் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அப்பொறுப்பிற் கைகொடுத்தது. முதலில் 1,545 பள்ளிகளில் ஏற்பட்ட அத்திட்டம் 2023 ஆகஸ்டு 25 முதல் 31,008 அரசுப் பள்ளிகளுக்கும், பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையில் உள்ளோர்க்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் முதலியவை சாம்பாரோடு கிடைக்கின்றன. அரிசியோ ரவையோ சேமியாவோ தலைக்கு 50 கிராம் என்பது கணக்கு.

இத்திட்டத்தை ஏழைக்குப் போடும் பிச்சை என்று கருதிப் பிள்ளையைத் தடுப்பவர் சில ஊர்களில் உண்டு. ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்பதில் மானக்குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. உணவு பள்ளி மணி அடிக்குமுன் பரிமாறப்படுகிறது. பிந்தி வருகிற பிள்ளைக்கு முன்பு உபாத்தியாயர் கண்டிப்பு மட்டுமே நஷ்டம், இப்பொழுதோ ஒரு வேளை உணவும் நஷ்டம். சமைப்பவர்களும் அவ்வூர்ச் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த தாய்மாரே. தங்கள் பிள்ளை அதே பள்ளியில் படிப்பவர்களாக இருப்பது விதி. ஊர்ப் பிள்ளைகளுக்கு உப்புமா கிளற இருட்டில் புறப்படும் அவளுடைய வீட்டில் அவ்வேளையில் அடுப்பை யார் மூட்டுவது? ஐந்தாம் வகுப்பு தாண்டிய பிள்ளைக்குக் காலை உணவும் அத்திட்டத்தில் இல்லை. ஆறாம் வகுப்புக்குத் திருப்பாதிரிப்புலியூருக்குப் பஸ் ஏறுகிற பெண், தம்பியை விட முந்திப் புறப்பட வேண்டும். வெறும் வயிற்றோடு போகிறவள் பெரும்பாலும் அவளே.

இக்கேள்விகளுக்கெல்லாம் வீட்டு ஆடவரே விடை. மத்திய அரசாங்கத்தின் புள்ளிவிவர இலாகா 2019-இல் நாடெங்கும் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளோரில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷம் அதில் கழித்தனர். ஆண்கள் 97 நிமிஷம். அந்த 97 நிமிஷமும் எல்லா ஆண்களுடையதன்று. நூற்றுக்கு 26 பேர் அளவே அவ்வேலையைத் தொட்டவர்கள். சங்கத்தில் ஒருவர் மட்டும் பங்குத்தொகை கட்டி மற்றவர் லாபம் பெற முடியாது; தணிக்கையாளர் விடமாட்டார். வீட்டுக்குத் தணிக்கையாளர் இல்லாமையால் அது நடந்துவருகிறது. தகப்பன் காலையில் பால் ஊற்றும் பொறுப்பையும், குளிப்பாட்டிப் பள்ளியில் விடும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டால், தாய்க்கு முக்கால் மணி நேரம் மீளும்.

தனி வீட்டால் ஆகாதவையும் உண்டு. குழாய் நீர் ஒரு நாள் ஐந்தரைக்கும் மறுநாள் ஏழரைக்கும் வந்தால் எந்த ஒழுங்கும் நிற்காது. மேல்நிலைத் தொட்டியின் நீரைக் குறித்த நேரத்தில் திறக்கும்படி பஞ்சாயத்தைச் சங்கம் எழுத்து மூலம் கேட்கலாம். ஒரு தாய் கேட்பதற்கும் நூறு அங்கத்தினர் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. பால் சங்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுடைய தாய்மாரின் பாலை முதலில் அளந்து அனுப்பும்படி காரியதரிசி ஏற்பாடு செய்யலாம். இதற்குச் செலவு கிடையாது. பஸ் நேரத்துக்கும் பள்ளி நேரத்துக்கும் பொருத்தமில்லாத ஊர்கள் போக்குவரத்துக் கழகத்துக்கு விண்ணப்பம் செய்யலாம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இப்பகுதிக்குத் தனிச் சோதனை. சீருடை உலராது, விறகு புகையும், கெடிலத்திலும் பெண்ணையாற்றிலும் வெள்ளம் வந்தால் பாதையும் அடைபடும். கலெக்டர் மழை விடுமுறை அறிவிப்பது விடிந்த பின்னும் தெரியாமல், சமைத்துச் சடை பின்னிய பிறகு பிள்ளையை வீட்டில் நிறுத்துகிற நாள்கள் பல. அவ்விடுமுறையை மாவட்ட அறிவிப்பில் பார்த்துப் பால் ஊற்றுமிடத்திலுள்ள கரும்பலகையில் எழுதி வைக்கும் வேலையைச் சங்கத்து இளைஞர் ஒருவரிடம் ஒப்புவிக்கலாம். விடியற்காலையில் ஊரார் எல்லோரும் வந்து நிற்கும் இடம் அதுவே. இரண்டாவது சீருடை ஒன்றைச் சங்கத்துப் பொது நன்மை நிதியிலிருந்து மழைக்கு முன்னதாகவே வாங்கித்தர இயலுமா என்பதையும், எத்தனை பிள்ளைகளுக்கு என்ற ஜாபிதாவோடு, அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம்.